உப்புக்காற்றில் ஒரு வீடு: வாசகர் கேள்வி – பதில்

திருவான்மியூரில் தொடங்கி மாமல்லபுரம், மரக்காணம், புதுச்சேரி, கடலூர் வரை கடலையொட்டி வீடு கட்டியவர்களும் கட்டப்போகிறவர்களும் அனுப்பிய கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். பசுமை வீடு என்றதும் பலரும் சோலார் பலகையைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். கடலோரத்தில் முதலில் கேட்க வேண்டியது கம்பியையும் கிணற்றையும் பற்றி. 20 வருடத்தில் இடித்துக் கட்ட நேர்ந்தால், அந்த வீட்டுக்குச் செலவான மணல், ஜல்லி, சிமென்ட், இரும்பு அத்தனையும் வீண். அதனால் பதில்களையும் அந்த வரிசையிலேயே தருகிறோம்.

எங்கள் வீட்டுக்கு 14 வயதாகிறது. கடல் 300 மீட்டரில் இருக்கிறது. சன்ஷேடிலும் பால்கனியின் அடியிலும் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது. வருடா வருடம் பூசுகிறோம். பூசிய இடம் நிற்கிறது, பக்கத்து இடம் பெயர்கிறது. கொத்தனார் சரியில்லையா, சிமென்ட் சரியில்லையா? புதிதாகக் கட்டப்போகும் என் தம்பிக்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.
— வாசகி, பாலவாக்கம்

இரண்டையும் குறை சொல்ல வேண்டாம். நல்ல கான்கிரீட்டுக்குக் காரத்தன்மை உண்டு. அந்தக் காரம் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலத்தை உண்டாக்கித் துரு பிடிக்காமல் காக்கும். கடற்காற்றில் வரும் உப்பிலுள்ள குளோரைடு கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியாக மெல்ல உள்ளே போய்க் கம்பியைத் தொட்டதும் அந்தப் படலம் அறுபடுகிறது. துரு, தான் தின்ற இரும்பைப் போலப் பல மடங்கு இடம் பிடிக்கும். அந்த உப்பல்தான் காரையைத் தள்ளுகிறது.

பக்கத்து இடம் பெயர்வதற்கும் காரணம் இருக்கிறது. புதுப் பூச்சுக்குள் இருக்கும் கம்பி காக்கப்படுகிறது. அதே கம்பியின் அடுத்த பகுதி இன்னும் உப்பேறிய பழைய கான்கிரீட்டில் கிடக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு சிறு மின்கலம்போல வேலை நடந்து, பழைய பகுதி முன்னைவிட வேகமாகத் துருப்பிடிக்கிறது. பெயர்ந்த அளவுக்கு மட்டும் பூசினால் இது நிற்கவே நிற்காது.

செய்ய வேண்டியது இது. சன்ஷேடு, பால்கனி அடி முழுவதையும் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கெட்டியான இடம் கணீரென்று ஒலிக்கும். உள்ளே பிரிந்த இடம் பொத்தென்று கேட்கும். பொத்தென்று கேட்கும் எல்லா இடத்தையும் சாக்பீஸால் வட்டமிட்டு, அந்த வட்டத்துக்கு வெளியேயும் துரு இல்லாத பளபளப்பான கம்பி தெரியும்வரை கொத்தி எடுங்கள். கம்பியின் கீழ்ப்பக்கம் மட்டும் கொத்தினால் போதாது. கம்பிக்குப் பின்னாலும் 20 முதல் 25 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும், விரல் நுழைய வேண்டும். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். கம்பிப் பிரஷ்ஷாலோ மணல் பீய்ச்சியோ துருவை அறவே எடுத்துவிட்டு நல்ல தண்ணீரில் கழுவுங்கள். 10 மில்லிமீட்டர் கம்பி தேய்ந்து எட்டரையாகிவிட்டது என்றால் அதன் வலுவில் கால் பங்குக்கு மேல் போய்விட்டது என்று பொருள். பக்கத்தில் புதுக்கம்பி சேர்த்துக் கட்ட வேண்டும், எவ்வளவு நீளம் மேல்படிய வைப்பது என்பதைப் பொறியாளர் சொல்ல வேண்டும். பிறகு கம்பிக்குத் துத்தநாகம் கலந்த எபாக்ஸி பிரைமர், அதன்மேல் பாலிமர் கலந்த சிமென்ட் சாந்து. ஒரே தடவையில் அப்பாமல் 15 மில்லிமீட்டர் தடிமனாகப் படிப்படியாக ஏற்றி, ஈரச் சாக்கு போட்டு ஆற்றுங்கள். பால்கனி போன்ற தொங்கும் பகுதியில் பாதிக்குமேல் பொத்தென்று கேட்டால் ஒட்டுப்போட வேண்டாம். உடனே முட்டுக் கொடுத்துவிட்டுப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

இனி உங்கள் தம்பிக்கு. இந்தியத் தர விதி ஐ.எஸ். 456, கடற்காற்று படும் கான்கிரீட்டைக் கடுமையான சூழல் என்று வகைப்படுத்துகிறது. குறைந்தபட்சம் எம்30 என்ற வலிமைத் தரம், கனமீட்டருக்கு 320 கிலோ சிமென்ட், கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடல் (கவர்). அலைத் தெறிப்பே படும் இடமானால் எம்35, 50 மில்லிமீட்டர். இரண்டுக்கும் தண்ணீர், சிமென்ட் எடையில் 0.45 பங்கைத் தாண்டக் கூடாது. அதாவது 50 கிலோ மூட்டைக்கு இருபத்திரண்டரை லிட்டர். ஈர மணலில் இருக்கும் தண்ணீரும் இந்தக் கணக்கில்தான் வரும். இந்த அளவில் கலவை இறுக்கமாக இருக்கிறது என்று வேலையாட்கள் சொல்வது உண்மைதான். அதற்குக் கலவையை இளக்கும் ரசாயனம் சேர்க்க வேண்டுமே தவிர, இன்னொரு வாளித் தண்ணீரைச் சேர்க்கக் கூடாது. அந்த ஒரு வாளி பின்னால் ஆவியாகி விட்டுப் போகும் துளைகள்தான் உப்புக்கு வாசல்.

காகிதத்தில் 45 மில்லிமீட்டர் என்று இருக்கும். சென்ட்ரிங் பலகையில் போய்ப் பார்த்தால் கம்பிக்கு அடியில் உடைந்த ஜல்லித் துண்டு இருக்கும். வைப்ரேட்டர் ஓடியதும் அது நழுவும், கம்பி பலகையில் உட்காரும். நீங்கள் காசு கொடுத்த எம்30 அந்த இடத்தில் கம்பியைக் காக்காது. அதே தரக் கலவையில் வார்த்த கவர் பிளாக்குகளை மீட்டருக்கு ஒன்றாவது கட்டச் சொல்லுங்கள். கட்டுக்கம்பியின் முனைகளை உள்நோக்கி மடக்கச் சொல்லுங்கள். வெளியே நீட்டிய முனையில் ஆரம்பிக்கும் துருதான் உள்ளே இழுத்துப் போகும். கான்கிரீட் போடுவதற்கு முந்தின நாள் ஒரு மணி நேரம் கையில் டேப்போடு இதை மட்டும் சோதித்தால், பிந்தைய பல பழுதுகள் வராது.

சிமென்ட்டில் கசடு கலந்ததையோ சாம்பல் கலந்ததையோ கேளுங்கள். இரண்டுமே குளோரைடை மெதுவாக உள்ளே விடும். உலைச் சாம்பலும் இரும்பாலைக் கசடும் சேர்வதால் கிளிங்கர், அதாவது சிமென்ட்டுக்காகச் சூளையில் சுட்டெடுக்கும் கட்டி, செலவாவதும் குறையும். ஆனால் இவை மெதுவாக வலுப்பெறும், அதனால் 14 நாள் ஆற்ற வேண்டும். ஏழாம் நாள் குழாயை மூடிவிட்டால் சாதா சிமென்ட்டைவிட மோசமான பலன்தான் கிடைக்கும். கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. ஆற்றவும் அதே தண்ணீரையே ஊற்றுங்கள். உங்கள் பக்கத்துப் பல போர்வெல்கள் இதில் தேறாது, முதலில் சோதித்துவிடுங்கள். பூச்சுக் கம்பி வேண்டுமென்றால் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு மையம் உருவாக்கிய சிமென்ட் பாலிமர் பூச்சு நல்ல தேர்வு. எபாக்ஸி பூச்சு வளைக்கும்போது கீறினால், அந்தக் கீறலிலேயே துரு ஆழமாகக் குழி பறிக்கும்.

சன்ஷேடின் அடிப்பக்க ஓரத்தில் ஒரு விரல் அகலக் காடி விட்டு வார்க்கச் சொல்லுங்கள். மழைநீர் அடிவழியாக ஓடிச் சுவருக்கு வராமல் அங்கேயே சொட்டிவிடும். செலவே இல்லாத வேலை இது.

கடற்கரை மணலைக் கழுவிப் பூச்சுக்குப் பயன்படுத்தலாம் என்கிறார் ஒப்பந்தக்காரர். சரியா?
— வாசகர், கடலூர்

கூடாது. கழுவுவதாகச் சொல்வார்கள், எவ்வளவு நல்ல தண்ணீரில், எத்தனை முறை என்று யாரும் அளப்பதில்லை. பூச்சில் தங்கும் உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், சுவர் பூத்துக் கொட்டும். பூச்சுக்கென்றே சலித்து வரும் எம்-சாண்ட் கிடைக்கிறது. தவிர, கடற்கரையில் மணல் அள்ளுவது சட்டப்படி தடை செய்யப்பட்டது. உங்கள் தெருவை அலையிடமிருந்து காப்பதும் அதே மணல்தான்.

எங்கள் குடியிருப்பில் 32 வீடுகள். ஆரம்பத்தில் 6 மீட்டர் கிணற்றிலேயே நல்ல தண்ணீர். பற்றாமல் போய் 30 மீட்டருக்கு போர் போட்டோம். இரண்டு கோடையில் உப்பாகிவிட்டது. இன்னும் ஆழமாகப் போனால் நல்ல நீர் கிடைக்குமா?
— குடியிருப்போர் சங்கச் செயலாளர், கானத்தூர்

ஆழமாகப் போகப் போக உப்புதான் கிடைக்கும். உங்கள் மணலுக்குள் இருக்கும் நல்ல நீர், கடல்நீரின் மேல் மிதக்கிறது. கடல்நீர் நல்ல நீரைவிட நூற்றுக்கு இரண்டரை பங்கு கனம். இந்தச் சின்ன வித்தியாசத்தால், கடல் மட்டத்துக்கு மேல் நல்ல நீர் 1 மீட்டர் நின்றால் அதற்குக் கீழே சுமார் 40 மீட்டர் வரை நல்ல நீர் இருக்கும். அரை மீட்டர்தான் நிற்கிறது என்றால் கீழே 20 மீட்டர். இப்போது திருப்பிப் போட்டுப் பாருங்கள்: மோட்டார் ஓட்டி நீர்மட்டத்தைக் கால் மீட்டர் இறக்கி, அப்படியே வைத்திருந்தால், கீழேயிருந்து உப்புநீர் 10 மீட்டர் மேலேறும். 30 மீட்டர் போரின் அடி அந்த எல்லைக்குப் பக்கத்திலோ கீழேயோ இருந்திருக்கிறது. பெரிய மோட்டார் அதைக் கூம்புபோல மேலே இழுத்துவிட்டது. சென்னைக்கு வடக்கே மீஞ்சூர் பக்கம் இதே தவறு பெரிய அளவில் நடந்து, உப்புநீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது.

முதலில் அந்த போரை நிறுத்துங்கள். அடியிலிருந்து பென்டோனைட் களிமண்ணும் சிமென்ட் பாலும் விட்டு அடைத்துவிடுவது நல்லது. திறந்து கிடக்கும் போர் உப்புநீர் மேலே வர ஒரு குழாய். அதற்குப் பதில் 5, 6 மீட்டருக்குள் நிற்கும் உறைக்கிணறுகள் மூன்று நான்கு, ஒன்றுக்கொன்று தள்ளி. ஒவ்வொன்றிலும் அரை குதிரைத்திறன் மோட்டார், காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம். எடுக்கும் மொத்தத் தண்ணீர் அதேதான், ஆனால் எந்த இடத்திலும் மட்டம் அதிகம் இறங்காது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கி வாரம் ஒருமுறை ஒவ்வொரு கிணற்றையும் அளந்து நோட்டில் எழுதுங்கள். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லாதபோது 2,000 வரை என்பது தர விதி. 600, 700 என்று இருந்த கிணறு 900 காட்டினால் அந்தக் கிணற்றுக்கு ஒரு மாதம் ஓய்வு கொடுங்கள். நாக்கில் கரிக்கும்வரை காத்திருந்தால் அது மீண்டுவர வருடங்கள் ஆகும்.

இப்போது வரவு செலவு. 128 பேர் என்று வைத்துக்கொண்டால், ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் வீதம் வருடத்துக்குச் சுமார் 63 லட்சம் லிட்டர் வேண்டும். சென்னைக் கரையில் வருடத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. வீட்டுக்கு 100 சதுர மீட்டர் மாடி என்றால், 32 மாடியிலும் விழுவதில் ஐந்தில் நான்கு பங்கு பிடித்தாலே 36 லட்சம் லிட்டர் வரும். அந்த 135 லிட்டரில் 45 லிட்டர் கழிப்பறையில் ஊற்றப்படுகிறது. குளித்த தண்ணீரைச் சுத்தம் செய்து அதற்குத் திருப்பினால் 21 லட்சம் மிச்சம். இரண்டையும் கூட்டினால் 57 லட்சம். மீதியை மட்டும் நிலத்திடம் கேட்டால் போதும். லாரித் தண்ணீர் வாங்கும் குடியிருப்புகள் இந்தக் கணக்கை ஒருமுறையாவது போட்டுப் பார்க்க வேண்டும்.

மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டாயம். ஆனாலும் பல வீடுகளில் அது ஒப்புதல் வாங்கத் தோண்டிய குழியாகவே நிற்கிறது. கடலோரத்தில் இரண்டு விஷயம் மாறும். ஒன்று, கோடை முழுவதும் மாடியில் உப்பு படிந்திருக்கும். அதனால் முதல் 2 மில்லிமீட்டர் மழையை, அதாவது 100 சதுர மீட்டருக்கு 200 லிட்டரை, வெளியே விட்டுவிட்டுப் பிறகுதான் தொட்டிக்குத் திருப்ப வேண்டும். நிற்கும் ஒரு பெரிய குழாயின் அடியில் சொட்டுவிடும் சிறு துளையோடு மூடி போட்டால், அது முதலில் நிரம்பி மிச்சத்தைத் தானே தொட்டிக்கு அனுப்பும். அந்தத் துளை இலைச் சருகில் அடைபடும், ஐப்பசி பிறக்கும் முன் திறந்து கழுவுங்கள். இரண்டு, நிலத்தில் விடும் நீரை ஆழ போரில் விடாதீர்கள். மீட்டருக்கு மீட்டர், ஒன்றரை மீட்டர் ஆழக் குழியில் உடைகல் நிரப்பி மேலே மணல் போட்டால் கடலோர மணல் குடித்துவிடும். தண்ணீர் பரவலாக இறங்கினால்தான் கடல்நீரின் மேல் மிதக்கும் அந்த நல்ல நீரின் அடுக்கு தடிக்கும்.

குடிக்கவும் சமைக்கவும் நால்வருக்கு நாளைக்கு 40 லிட்டர் என்றால், தை முதல் புரட்டாசி வரை 270 நாளுக்குச் சுமார் 11,000 லிட்டர் தொட்டி போதும். வெளிச்சம் புகாத மூடி, நிரம்பி வழியும் குழாயிலும் காற்றுக் குழாயிலும் கொசுவலை இரண்டும் வேண்டும். வலை இல்லாத தொட்டி மலேரியாக் கொசுவுக்கு வீடு.

ஆர்.ஓ. இயந்திரம் கழிக்கும் நீரையும் கடின நீரை மென்னீராக்கும் சாஃப்ட்னரைக் கழுவும் உப்புநீரையும் சேகரிப்புக் குழிக்குள் விடாதீர்கள். இதைத் தனியாகச் சொல்லக் காரணம், பிளம்பர்கள் பக்கத்தில் இருக்கும் குழிக்கே குழாயைத் திருப்பிவிடுவதுதான். விழுந்த மழைக்கு உப்பைக் கலந்து கொடுப்பதுபோல ஆகிவிடும்.

சென்ற கார்த்திகை மழையில் எங்கள் செப்டிக் டேங்க் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு குழாய் உடைந்துவிட்டது. அதற்கு முந்தின வாரம்தான் லாரி வைத்துச் சுத்தம் செய்தோம். எதனால்?
— வாசகர், மரக்காணம்

சுத்தம் செய்த வாரம்தான் காரணம். காலித் தொட்டி நிலத்தடி நீரில் படகுபோல மிதக்கும். வெளியளவு இரண்டரைக்கு ஒன்றரை மீட்டர், ஆழம் 2 மீட்டர் என்றால் அது ஏழரை கனமீட்டர். நீர் மேல்வரை ஏறியதும் ஏழரை டன் மேல்நோக்கித் தள்ளும். 10 சென்டிமீட்டர் கான்கிரீட் சுவர் தொட்டியின் எடையோ சுமார் 5.3 டன்தான். நிரம்பியிருந்தால் உள்ளே இருக்கும் நீர் அழுத்திப் பிடித்திருக்கும்.

புதிதாகக் கட்டும்போது அடித்தளத்தைச் சுற்றிலும் 30 சென்டிமீட்டர் நீட்டி வார்க்கச் சொல்லுங்கள். அந்த விளிம்பின்மேல் உட்காரும் மணல், நீரில் மூழ்கிய நிலையிலும் 4 டன்னுக்கு மேல் பாரம் கொடுக்கும். செலவு கொஞ்சம்தான். கழிவை அள்ளுவது மாசியிலிருந்து ஆடிக்குள், நீர் இறங்கியிருக்கும்போது. அள்ளியதும் அன்றே தண்ணீர் விட்டு நிரப்புங்கள். அடியில் கான்கிரீட் போடாத தொட்டி வேண்டவே வேண்டாம். மணல் வழியாக அத்தனையும் உங்கள் கிணற்றுக்கே வரும். உறிஞ்சு குழியும் உங்கள் ஊரில் பயன்படாது. அதன் அடிக்கும் மழைக்கால நீர்மட்டத்துக்கும் நடுவே 2 மீட்டர் உலர்ந்த மண் இருந்தால்தான் கழிவுநீர் சுத்தமாகும். உங்களுக்கு அரை மீட்டர் கூட இருக்காது.

பதிலாக, தரைக்கு மேலே எழுப்பிய நாணல் படுகை. ஆளுக்கு ஒன்றரை சதுர மீட்டர், 60 சென்டிமீட்டர் ஆழம், நீர் கசியாத தொட்டி. நுழையும் முனையிலும் வெளியேறும் முனையிலும் 40 முதல் 60 மில்லிமீட்டர் கற்கள், நடுவில் 10, 12 மில்லிமீட்டர் ஜல்லி, நூற்றுக்கு ஒன்று சரிவு. நாணல், சம்பு, கல்வாழை எதுவும் வளரும். நீர்மட்டம் ஜல்லியின் மேற்பரப்புக்கு 5 சென்டிமீட்டர் கீழே நிற்கும்படி வெளிக்குழாயின் உயரத்தை வையுங்கள், அப்போது கொசு வராது. இந்தக் கணக்கு குளியல், துணி, சமையலறைத் தண்ணீருக்கு. செப்டிக் டேங்கிலிருந்து வழிவதையும் இதில் விட்டால் இரண்டு மடங்கு இடம் வேண்டும், அந்த நீரைத் தென்னைக்கும் வாழைக்கும் மட்டும் பாய்ச்சுங்கள். படுகை கெடுவது எப்போதும் சமையலறை எண்ணெயால்தான். அதற்கு முன்னால் ஓர் எண்ணெய்ப் பொறித் தொட்டி வைத்து வாரம் ஒருமுறை மேலே மிதப்பதை வழித்து எடுங்கள். 15 நாள் மறந்தால் ஜல்லி அடைத்துக்கொண்டு கறுப்பு நீர் மேலே நிற்கும். நுழைமுனைக் கற்களை எடுத்துக் கழுவிப் போடுவதைத் தவிர வழி இல்லை.

புதுச்சேரிப் பக்கம் சுடாத மண்கல்லில் அழகாகக் கட்டுகிறார்கள். கடலுக்குப் பக்கத்தில் தாங்குமா?
— வாசகி, கோட்டக்குப்பம்

தாங்கும், மண் நல்லதாக இருந்தால். ஆரோவில்லில் அழுத்திச் செய்யும் கற்களில் சிமென்ட் சுமார் 5 சதவீதம்தான், சூளை இல்லை, விறகு இல்லை. அந்தச் செம்மண் இதற்குப் பொருத்தமானது. கடற்கரை மணலில் பிடிமானத்துக்கான களி கிடையாது, உப்பு வேறு.

உங்கள் மண்ணை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கால் பங்கு போட்டு, மீதி தண்ணீரும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்துக் குலுக்கி வையுங்கள். ஒரு நிமிடத்தில் சரளையும் மணலும், முக்கால் மணியில் வண்டலும், மறுநாள் காலையில் களியும் அடுக்கடுக்காகப் படியும். சரளை 15, மணல் 50, வண்டல் 15, களி 20 சதவீதம் என்ற அளவுக்குப் பக்கத்தில் வந்தால் நல்லது. களி அதிகமானால் கல் வெடிக்கும். மணல் அதிகமானால் முனை உதிரும். அழுத்திய கல்லை 28 நாள் ஈரம் காயாமல் மூடி வைக்க வேண்டும். அவசரப்படுகிறவர்கள் தோற்பது இந்த இடத்தில்தான்.

பீடம்வரை கருங்கல், அதன்மேல் ஈரத்தடுப்பு, பிறகு மண்கல். மேலே 60 சென்டிமீட்டர் நீட்டிய கூரை. பூச வேண்டுமென்றால் சுண்ணாம்புப் பூச்சு. அது ஈரத்தை வெளியே விடும். சிமென்ட் பூச்சு உப்பை உள்ளேயே அடைத்துக் கல்லையும் சேர்த்துப் பெயர்க்கும்.

ஏ.சி. இல்லாமல் இருக்க ஆசை. ஏ.சி.யின் வெளி யூனிட்டும் மூன்று வருடத்தில் அரித்துப்போகிறது. என்ன செய்யலாம்?
— வாசகி, நீலாங்கரை

உங்களுக்குத் தென்கிழக்கிலிருந்து நண்பகல் வாக்கில் கடற்காற்று வரும். அதைப் பிடிக்கத் தெற்கிலும் கிழக்கிலும் தாழ்வான ஜன்னல், எதிர்ச்சுவரில் அதைவிடப் பெரிய, உயரமான திறப்பு. உள்ளே வழியில்லாத காற்று ஜன்னலுக்கு வெளியேயே திரும்பிவிடும். பல அறைகளில் ஜன்னல் பெரிதாக இருந்தும் புழுங்குவது இதனால்தான்.

நிழலைப் பற்றி ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. வடக்குச் சுவருக்கு வெயிலே வராது என்று சன்ஷேடு போடாமல் விடுகிறார்கள். ஏப்ரல் கடைசியில் சூரியன் சென்னையின் உச்சிக்கு வந்து, ஆகஸ்ட் நடுப்பகுதி வரை வடக்கே நிற்கிறது. அதாவது கத்திரி வெயில் முழுக்க வடக்குச் சுவரிலும் சாய்வாகப் படுகிறது. கிழக்கு, மேற்குச் சுவர்களுக்கு சன்ஷேடு மட்டும் போதாது, தாழ்ந்த வெயில் அதற்கு அடியில் நுழையும். மூங்கில் தட்டியோ மரமோ வேண்டும்.

மாடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இடித்துப் போட்டு மேலே தட்டோடு பதிப்பது நம் ஊர்ப் பழைய முறை, இன்றைக்கும் அதைவிட நல்லது கிடைப்பது கஷ்டம். அதன்மேல் வெள்ளைச் சுண்ணாம்பு இரண்டு கோட் அடித்தால் கூரை வெயிலைப் பெருமளவு திருப்பி அனுப்பும். அழுக்கு படிந்தால் பலன் குறையும், அதனால் வருடா வருடம் பங்குனியில் அடியுங்கள்.

சோலார் பலகைக்குக் கடற்கரையில் தனியாக ஏதாவது பார்க்க வேண்டுமா?
— வாசகர், கோவளம்

பலகைக்கு உப்புப்பனி சோதனைச் சான்று, அதாவது ஐ.இ.சி. 61701, கேட்டு வாங்குங்கள். தாங்கு சட்டம் உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த இரும்போ அனோடைஸ் செய்த அலுமினியமோ. போல்ட் எல்லாம் 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு. 304 ரகம் ஒரே பருவத்தில் பழுப்புக் கறை காட்டும். அலுமினியமும் எஃகும் தொடும் இடத்தில் நைலான் வாஷர் போடுங்கள், இல்லாவிட்டால் அலுமினியம் பொடியாகும். சென்னைக் கரைக்கு அடிப்படைக் காற்றுவேகம் நொடிக்கு 50 மீட்டர். 2016 வர்தா புயலை நினைத்துக்கொண்டு, சட்டத்தைத் தளத்தில் வைத்துக் கல்லைப் பாரமேற்றுவதோடு நிறுத்தாமல் நங்கூரமிடச் சொல்லுங்கள். 1 கிலோவாட் நாளைக்குச் சுமார் 4 யூனிட் தரும். 15 நாளுக்கு ஒருமுறை விடியற்காலையில் நல்ல தண்ணீரால் கழுவுங்கள், போர்த்தண்ணீர் வேண்டாம்.

கடலைப் பார்த்த மனை. முன்னால் இருக்கும் மணல்மேட்டைச் சமன்செய்து புல்தரை போடலாமா? வெளிச்சத்துக்குப் பெரிய விளக்குகளும் வைக்க எண்ணம்.
— வாசகர், முட்டுக்காடு

மேட்டைத் தொடாதீர்கள். 2011, 2019 ஆண்டுகளின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைகள் இரண்டிலும் மணல்மேட்டைச் சிதைப்பது தடைசெய்யப்பட்ட செயல். சட்டம் இல்லாவிட்டாலும் சொல்வோம்: அந்த மேடு புயலலையை முதலில் தாங்குகிறது, மழையைக் குடித்து உங்கள் கிணற்றுக்கு அனுப்புகிறது, காற்றில் வரும் மணலையும் உப்பையும் நிறுத்துகிறது. புல்தரைக்குத் தினமும் தண்ணீர் வேண்டும், அதை அதே கிணற்றிலிருந்துதான் இறைப்பீர்கள்.

நெய்தல் திணைக்குச் சங்கப் புலவர்கள் சொன்ன அடும்பும் தாழையும் புன்னையும்தான் இந்த மண்ணுக்கான தோட்டப் பட்டியல். கடலோர முகத்தில் அடும்பங்கொடியும் இராவணன் மீசையும். அடும்பின் ஒரு முழத் துண்டை, கணு இரண்டு மணலுக்குள் போகும்படி ஐப்பசி மழையில் புதைத்தால் வேர் விடும். மணல் மூட மூட அது மேலே ஏறிக்கொண்டே மேட்டை வளர்க்கும். அதற்குப் பின்னால் தாழை, அதற்கும் பின்னால் புன்னை, பூவரசு, பனை. சவுக்கு சீக்கிரம் வளரும் என்று பலரும் கடலோர முகத்திலேயே நடுகிறார்கள். அதன் வேரும் சருகும் கொடிகளை அழித்துவிடும், ஆமை முட்டையிடும் இடத்தையும் அடைக்கும். வேண்டுமென்றால் மனையின் பின் எல்லையில் நடுங்கள்.

விளக்கைப் பற்றி நீங்கள் எழுதியது கவலை தருகிறது. ஜனவரியிலிருந்து பங்குனி வரை உங்கள் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. 45 முதல் 60 நாளில் குஞ்சுகள் இரவில் வெளிவந்து, வெளிச்சமான பக்கம் கடல் என்று நம்பி நடக்கும். உங்கள் வெள்ளை விளக்கு எரிந்தால் அவை சாலையை நோக்கி நடந்து சாகும். சென்னைக் கடற்கரையில் 1988 முதல் மாணவர்கள் இரவெல்லாம் நடந்து முட்டைகளைச் சேகரித்துக் காப்பதே இதனால்தான். ஜனவரி முதல் மே வரை கடல் பார்த்த விளக்குகளை அணையுங்கள். அவசியமான இடத்தில் ஆம்பர் நிற விளக்கு, முழங்கால் உயரத்துக்குள், மேலும் பக்கமும் மூடிய உறையோடு, ஆள் வந்தால் மட்டும் எரியும் சென்சாரில் வையுங்கள். கடல் பார்த்த ஜன்னலுக்குக் கனத்த திரை. விளக்கு சரியாக இருக்கிறதா என்று பார்க்க, அலைக்கோட்டில் போய் மணலில் உட்கார்ந்து வீட்டைப் பாருங்கள். பல்பு நேராகக் கண்ணில் பட்டால் உறையை இன்னும் இறக்க வேண்டும்.

கடல் வருடா வருடம் உள்ளே வருகிறது. குடியிருப்புக்கு முன்னால் நாங்களே கல் கொட்டிச் சுவர் எழுப்பலாமா?
— வாசகர், புதுச்சேரிக்கு வடக்கே

உங்கள் பயம் புரிகிறது, ஆனால் வேண்டாம். இந்தக் கரையில் மணல் வருடத்தின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. நடுவில் எதை நீட்டினாலும் தெற்கில் மணல் சேரும், வடக்கில் அரிக்கும். சென்னைத் துறைமுகத்தால் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கரை கரைந்தது. புதுச்சேரியில் 1980களின் பிற்பகுதியில் துறைமுகத் தடுப்புகள் வந்தபின் நகரத்தின் மணற்கரை போய்க் கல் வரிசை வந்தது. பிறகு கடலுக்குள் மூழ்கிய தடுப்பு அமைத்து, மணல் நிரப்பித்தான் ஒரு பகுதியை மீட்டார்கள். கரைக்கு இணையாக நீங்கள் எழுப்பும் சுவரிலோ, அலை மோதித் திரும்பும் வேகத்தில் அடிமணலை அள்ளிப் போகும். இரண்டு மூன்று பருவத்தில் சுவர் முன்பக்கம் சாயும், அதன் இரு முனைகளிலும் அண்டை வீட்டார் நிலம் போகும். அனுமதி இல்லாமல் செய்தால் இடிக்கவும் உத்தரவு வரும்.

கூடிச் செய்ய வேண்டியது இது. மாதம் ஒரு நாள், ஒரே இடத்தில், நிலையான ஒரு தூணிலிருந்து மேட்டின் விளிம்புவரை டேப்பால் அளந்து, படத்தோடு தேதி போட்டு வையுங்கள். இரண்டு வருட அளவு கையில் இருந்தால், கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்திடம் உங்கள் மனு எடைபெறும். பருவத்தில் வந்துபோகும் அரிப்பா, நிரந்தர இழப்பா என்பதும் தெரியும். மார்கழியில் போகும் மணலில் ஒரு பங்கு கோடையில் திரும்பிவரும். அது திரும்பிவந்து ஒட்டிக்கொள்ள, தென்னங்கீற்றாலோ பனை மட்டையாலோ ஒரு மீட்டர் உயரத்துக்கு, பாதிக்குப் பாதி இடைவெளி விட்ட வேலிகளை மேட்டின் அடியில் கட்டுங்கள். இடைவெளி இல்லாமல் அடைத்துக் கட்டினால் காற்று சுழன்று மணலைத் தோண்டும். ஜனவரி பிறக்கும் முன் கடலோர வரிசை வேலியை எடுத்துவிடுங்கள், ஆமை ஏற வழி வேண்டும். வேலி பாதி மூடியதும் அதன்மேலே அடும்பை நட்டு, அடுத்த வேலியை ஒரு மீட்டர் முன்னால் கட்டுங்கள்.